கேரவனில் நல்ல தண்ணீரும் கழிவுத் தொட்டியும்: இராமநாதபுரம் கடற்கரை அனுபவம்

கேரவன் வாங்க வருகிறவர்கள் படுக்கையையும் அடுப்பையும்தான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். சில ஆண்டுகளாகச் சாயல்குடிக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே குடும்பத்தோடு வண்டியில் அலைகிற நான், தொட்டிகளைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். எங்கள் வண்டியில் மூன்று இருக்கின்றன: நல்ல தண்ணீருக்கு 100 லிட்டர்த் தொட்டி, குளித்த நீருக்கும் பாத்திரம் கழுவிய நீருக்கும் ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று.

இந்தப் பக்கம் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. காவிரி கூட்டுக் குடிநீர் வரும் குழாயில் பிடிப்பதே நல்லது. லாரித் தண்ணீர் என்றால், கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்துப் பார்க்காமல் ஓஸைச் சொருகுவதில்லை. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. ஆனால் மீட்டர் உப்பைச் சொல்லுமே தவிர, கிருமியைச் சொல்லாது. அதனால் வண்டி நீண்ட நாள் நின்றிருந்தால், தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 மில்லி கலந்து, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு, நான்கு மணி நேரம் ஊறவைக்கிறோம். பிறகு வாடை போகும்வரை அலசல்.

கழிவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. தனுஷ்கோடி மணலில் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. அதனால் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. ஊற்றின் ஓரத்தில் குந்தியிருந்து, அடிமணல் கலங்காமல் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு, துணியில் வடிகட்டிக் குடத்தை நிரப்பும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு, பக்கத்து மணலில் வால்வைத் திறந்துவிட மனம் வருமா? "மணல் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. இவ்வளவு ஆழம் குறைந்த இடத்தில் கழிவு வடிகட்டப்படுவதற்கு முன்பே ஊற்றைச் சேர்ந்துவிடும். கடலில் விடுவதும் அதே பாவம்தான். தெற்கே மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் இருக்கின்றன.

செப்டிக் டேங்க் உள்ள விடுதியில் முன்கூட்டியே பேசி, பணம் கொடுத்துக் காலி செய்கிறோம். ஃபார்மால்டிஹைடு கலந்த கழிப்பறைத் திரவம் செப்டிக் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியாவைக் கெடுக்கும் என்பதால், நொதி வகைத் திரவத்தையே பயன்படுத்துகிறோம். இதைச் சொன்னால் விடுதிக்காரர்களும் தயங்குவதில்லை. முதலில் கழிப்பறைத் தொட்டி, அடுத்துக் குளியல் நீர்த் தொட்டி. பின்னால் வரும் நீர் ஓஸைக் கழுவிக்கொண்டு போகும். மற்ற நேரத்தில் கழிப்பறை வால்வு மூடியே இருக்க வேண்டும். திறந்து கிடந்தால் நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு அடியில் இறுகிவிடும். கழிவு ஓஸும் கையுறையும் தனிப் பெட்டியில். நல்ல தண்ணீர் ஓஸ் அந்தப் பக்கமே போகாது.

அளவு காட்டும் விளக்கை நம்ப முடியவில்லை. தொட்டி காலியான பிறகும் பாதி என்று காட்டுகிறது. உப்புக் காற்றில் ஓஸை இறுக்கும் சாதாரண கிளிப்புகள் துருப்பிடிக்கின்றன, 316 ரக எவர்சில்வர் தாங்குகிறது.

காலி செய்ய இடம் உறுதியாகாத நாளில் வண்டியை தனுஷ்கோடிக்குக் கொண்டுபோவதில்லை. இராமேசுவரத்திலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போய் வருகிறோம்.