பிடேகிஸ்: கொலம்பியா ஆற்று மீன்களின் வருகைப் பதிவேடு

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஓடும் கொலம்பியா ஆற்றில், சில்லு பொருத்தி விடப்பட்ட மீன்கள் எந்த நாளில் எந்த அணையைக் கடந்தன என்பதை வீட்டு நாற்காலியில் அமர்ந்தபடியே எவரும் பார்த்துக்கொள்ள வகைசெய்யும் பொதுத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. பிடேகிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதனைப் பசிபிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம் போர்ட்லாந்து நகரிலிருந்து நடத்துகிறது. அணைகளின் மின்சாரத்தை விற்கும் போனவில் மின் நிர்வாகம் அதற்கான செலவை ஏற்கிறது. எனக்கு மீன்வளத் துறையில் வேலை எதுவும் இல்லை. புள்ளிவிவரங்களில் உள்ள ஈடுபாட்டால் ஓய்வு நேரங்களில் இதைத் திறந்து பார்த்துப் பழகியவன் என்ற அளவில் மட்டுமே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் சில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிட் சில்லு என்பது 12 மில்லிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட ஒரு கண்ணாடிக் குப்பி. அமெரிக்கக் கையேடுகள் அதனை அரிசி அளவு என்றே எழுதுகின்றன. சோறு உண்டு வளர்ந்தவர்கள் இந்த உவமையை எளிதில் ஒப்ப மாட்டார்கள், வெந்து நீண்ட பாசுமதியை வேண்டுமானால் அதற்கு ஈடாகச் சொல்லலாம். குப்பிக்குள் செப்புக் கம்பிச் சுருளும் ஓர் எண்ணைத் தாங்கிய நுண்சில்லும் இருக்கின்றன, மின்கலம் கிடையாது. 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ஆன்டெனாவின் காந்தப்புலத்துக்குள் மீன் நுழையும்போது சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது; அந்தச் சிறு மின்சாரத்தைக் கொண்டு சில்லு தன் எண்ணைச் சொல்லிவிட்டு அடங்கிவிடுகிறது. காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் சுங்கச்சாவடியில் படிக்கப்படும் முறையும் ஏறக்குறைய இதுவே. தீர்ந்துபோக மின்கலம் இல்லாத காரணத்தால், விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போது மயக்க மருந்து கலந்த நீரில் கிடத்தி ஊசியால் வயிற்றறைக்குள் செலுத்தப்பட்ட சில்லு, அந்த மீன் கடலுக்குப் போய் இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்ந்து முட்டையிடத் திரும்பும்போதும் அதே எண்ணைச் சொல்கிறது.

இதற்கு முந்தைய முறையோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை விளங்கும். 1960-களிலிருந்து, இன்றைக்கும்கூட, சால்மன் குஞ்சுகளின் மூக்கில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள எண் பொறித்த கம்பித் துண்டைச் செலுத்துகிறார்கள். அதைப் படிக்க வேண்டுமானால் மீனைக் கொன்று, தலையை அறுத்து, கம்பியை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாக வேண்டும் என்பதால், ஒரு மீனிடமிருந்து வாழ்நாளில் ஒரே ஒரு தகவல்தான் கிடைக்கும். பிட் சில்லோ மீனைத் தொடாமலேயே எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கப்படுகிறது.

ஆனால் சில்லு ஓரிரு டாலர் பொருள். யார் வேண்டுமானாலும் வாங்கி மீனுக்குள் செலுத்திவிடலாம். பிடேகிஸின் மதிப்பு அந்த எண்களையெல்லாம் ஒரே ஏட்டில் சேர்த்துவைத்ததில்தான் இருக்கிறது. கொலம்பியா வடிநிலம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கி, வாஷிங்டன், ஆரிகன், ஐடஹோ எனப் பல மாநிலங்களில் ஏறத்தாழ 6,68,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. அங்கே பழங்குடி அரசுகள், மாநிலத் துறைகள், கூட்டாட்சி அமைப்புகள், பல்கலைக்கழகங்கள் என ஒவ்வொரு தரப்பும் தத்தம் மீன்களுக்குத் தனித்தனியாகச் சில்லு வைக்கின்றன. இத்தனை பேரும் ஒரே வகைச் சில்லு, ஒரே கோப்பு வடிவம், ஒரே இடக் குறியீடு ஆகியவற்றுக்கு உடன்பட்டு, 1987 முதலான பதிவுகளை ஒரே இடத்தில் குவித்துவைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் இந்த ஏட்டில் புதிதாகச் சேர்கின்றன. அரசுத் துறைகள் தரவைப் பூட்டிவைத்துப் பழகிய உலகில், ஒருவர் சில்லு வைத்த மீனை வேறொருவர் ஆன்டெனாவில் படித்து, சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் கட்டணம் செலுத்தாமல் அதைப் பார்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு அரிதானது. ஒரு கணக்கைப் பதிவுசெய்துகொண்டால் போதும்.

உள்ளே நுழைந்தவுடன் குறியீடுகள் மிரட்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ‘11டபிள்யூ’ என்று கண்டால் முதல் 1 சினூக் சால்மன், அடுத்த 1 வசந்தகாலத்தில் ஏறும் கூட்டம், டபிள்யூ இயற்கையில் பிறந்தது எனப் பிரித்துப் படிக்க வேண்டும். ‘32எச்’ என்பது குஞ்சுப் பண்ணையில் பிறந்த, கோடையில் ஏறும் ஸ்டீல்ஹெட், அதாவது கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரவுட் வகை மீன். இடங்களைக் குறிக்கும் முறை மட்டும் எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. லோயர் கிரானைட் அணையின் முகவரி 522.173: அதாவது கடல் முகத்திலிருந்து 522-ஆவது கிலோமீட்டரில் ஸ்னேக் ஆறு வந்து சேர்கிறது, அந்த ஆற்றில் 173 கிலோமீட்டர் ஏறினால் அணை. ஐடஹோவின் சால்மன் ஆற்றுக்குள் இருக்கும் இடங்கள் எல்லாம் 522.303 என்று தொடங்கும். மாவட்டம், வட்டம், அஞ்சல் எண் எதுவும் இல்லாமல், மீன் எந்தெந்தக் கூடல்களில் திரும்ப வேண்டுமோ அவற்றின் வரிசையே முகவரியாகிவிட்டது.

ஒரு மீனின் முழு வரலாற்றைக் கேட்கும் அறிக்கைதான் இங்கே முதலில் திறக்க வேண்டியது. ஐடஹோவின் ஓர் ஓடையில் சில்லு வைத்த நாள், நீளம், எடை. அடுத்த வசந்தத்தில் லோயர் கிரானைட். பிறகு கீழே சில அணைகள், கடைசியாக, கடலுக்கு முந்தைய இறுதி அணையான போனவில். அதன் பின் கடலில் கழிந்த ஆண்டுகளுக்கு ஒரு வரிகூட இல்லை. பிறகு ஒருநாள் போனவில் மீன் ஏணியில் (மீன்கள் அணையை ஏறிக் கடக்கக் கட்டிய நீர்ப்படிகள்) அதே எண் மீண்டும் தோன்றி, ஏறத்தாழ இரண்டு வாரத்தில், வழியிலுள்ள எட்டு அணைகளில் எட்டாவதான லோயர் கிரானைட்டை அடைகிறது. எல்லா மீன்களுக்கும் இப்படி நிறைவு கிட்டுவதில்லை. வடமேற்கு மின் மற்றும் இயற்கைவளப் பாதுகாப்பு மன்றம், கடலுக்குப் புறப்படும் நூறு இளமீன்களில் 2 முதல் 6 வரை வளர்ந்து திரும்புவதையே இலக்காக வைத்திருக்கிறது. ஸ்னேக் ஆற்றின் இயற்கை மீன்கள் பல ஆண்டுகளில் அந்தக் கீழ் வரம்பையும் எட்டியதில்லை. பல வரலாறுகளின் கடைசி வரி ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள கிழக்கு மணல் தீவில் முடிகிறது. அங்கே கூடு கட்டிவந்த காஸ்பியன் ஆலாக்களும் நீர்க்காகங்களும் இளமீன்களைத் தின்று சில்லுகளை மண்ணில் விட்டுவைத்தன. இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் ஆய்வாளர்கள் தீவின் தரையைக் கருவியால் வருடி அந்த எண்களைப் படித்து ஏட்டில் சேர்த்துவந்தார்கள்.

வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத மாணவன் ஊரில் இல்லை என்று பொருள் கொள்ள முடியாதது போலவே, பதிவில் இல்லாத மீன் இறந்துவிட்டது என்றும் கொள்ள முடியாது. ஆன்டெனா படிக்கும் தூரம் மிகக் குறுகியது. ஆற்றின் முழு அகலத்துக்கும் அது எட்டாது. அணைகளில் இளமீன்கள் கீழே இறங்க மூன்று வழிகள் உண்டு: டர்பைன், டர்பைன் வாயில் வைத்த சல்லடையால் திருப்பிவிடப்பட்டுச் செல்லும் மாற்றுக் கால்வாய், உபரி நீர் கொட்டும் கலிங்கு. ஆன்டெனாக்கள் பெரும்பாலும் அந்த மாற்றுக் கால்வாயில்தான் இருக்கின்றன. மற்ற இரு வழிகளில் பதிவாகாமல் தப்பியவற்றையும் கணக்கில் கொள்ளக் கார்மாக், ஜாலி, செபர் ஆகியோரின் பெயரால் வழங்கும், 1960-களில் உருவான கணித முறை ஒன்று கைகொடுக்கிறது. கீழ் அணையில் பதிவான நூறு மீன்களில் நாற்பதுதான் மேல் அணையிலும் பதிவாகியிருந்தன என்று வைத்துக்கொள்வோம். கீழ் அணைக்கு வந்த நூறும் மேல் அணையை உயிரோடு கடந்தவையே ஆதலால், மேல் அணையின் கருவி நூற்றுக்கு நாற்பதைத்தான் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு, அங்கே பதிவான எண்ணிக்கையை அதற்கேற்ப உயர்த்திக்கொள்ளலாம். பிடேகிஸ் மூல வரிகளை மட்டுமே தருகிறது, இந்தக் கணக்கைச் செய்வது பயனரின் பொறுப்பு. வெறும் எண்ணிக்கையை உயிர் பிழைத்தவற்றின் விகிதம் என்று எடுத்துக்கொள்ளும் அவசரக்காரருக்கு இந்தச் சேவை பெரிய பள்ளம்.

இந்தப் பலவீனம் அண்மை ஆண்டுகளில் கூடியிருக்கிறது. அதன் காரணம் விசித்திரமானது. இளமீன்களுக்குக் கலிங்கு வழியே இறங்குவது டர்பைனைவிடப் பாதுகாப்பானது என்பதால், நீதிமன்ற ஆணைகளாலும் உடன்பாடுகளாலும் வசந்தகாலத்தில் கலிங்கில் விடும் நீரின் அளவு படிப்படியாக உயர்த்தப்பட்டது. அந்த முடிவுக்கு வலுச் சேர்த்த தரவுகளில் கணிசமான பங்கு இந்தச் சில்லுகள் தந்தது. ஆனால் கலிங்கில் போகும் மீன் ஆன்டெனாவைச் சந்திப்பதில்லை. எனவே மீனுக்கு எது நல்லதோ அது பதிவேட்டுக்கு இழப்பாக முடிந்தது. 2020-இல் லோயர் கிரானைட் கலிங்கின் ஒரு மதகில், பாய்ந்து கொட்டும் நீருக்கு அடியிலேயே ஆன்டெனாவைப் பதித்து அந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டிருக்கிறார்கள். கடல்முகத்துக்கு அருகே படகுகள் ஆன்டெனாவை இழுத்துச் சென்று இளமீன்களைப் படிக்கும் ஏற்பாடும் உண்டு. மற்ற அணைகளின் கலிங்குகள் பெரும்பாலும் ஆன்டெனா இல்லாமல்தான் இருக்கின்றன.

மேலேறும் பெரிய மீன்களின் கதை வேறு. அவை மீன் ஏணியின் குறுகிய வழிகளில் நுழைந்தே ஆக வேண்டும் என்பதால் அங்கே பதிவு தப்புவது மிகக் குறைவு, அந்தப் பகுதித் தரவை நான் தயக்கமின்றி நம்புவேன். 2015-ஆம் ஆண்டைத் தேடிப் பார்க்கும் எவருக்கும் இது புரியும். அவ்வாண்டு கோடையில் ஆற்று நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது, போனவில்லைக் கடந்த ஐந்து லட்சம் சாக்கை சால்மன்களில் ஸ்னேக் ஆற்றுக்குரியவை மிகச் சிறு கூட்டம். ஏணியின் சன்னலில் நின்று எண்ணுபவருக்கு அவை மேல் கொலம்பியாவுக்குப் போகும் தம் இனத்தாரிடமிருந்து வேறுபட்டுத் தெரியாது. 1991-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்ட, மறு ஆண்டு ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு ஒரே ஓர் ஆண் மீன் மட்டும் திரும்பிய அதே கூட்டம் அது. போனவில்லைக் கடந்த அம்மீன்களில் மிகச் சிலவே லோயர் கிரானைட் வரை உயிரோடு வந்தன என்பதையும், எந்த அணைகளுக்கிடையே அவை மறைந்தன என்பதையும் சில்லுகள்தான் காட்டின.

சில்லின் மீதும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். யாக்கிமா ஆற்றுக் குஞ்சுப் பண்ணையின் சினூக் மீன்களுக்கு இரட்டை அடையாளம் இட்டுச் செய்து, 2009-இல் வெளியான ஆய்வு, திரும்பி வந்த வளர்ந்த மீன்களில் சராசரியாக ஏறத்தாழ 18 விழுக்காடு பிட் சில்லை இழந்திருந்தன என்றும், சில்லே சில மீன்களின் உயிர் பிழைப்பைக் குறைத்தது என்றும் காட்டியது. முட்டைகளோடு சேர்ந்து சில்லும் வெளியேறுவதுண்டு. மின்கலத்தோடு ஒலி எழுப்பும் சில்லுகள் ஆற்றின் அகலம் முழுவதும் மீனைப் பின்தொடரக்கூடியவை என்றாலும், அவற்றின் விலை பல மடங்கு, ஆயுளோ மாதக் கணக்கு. திரும்பி வரும் மீனைப் பற்றி அவற்றால் எதுவும் சொல்ல முடியாது.

குறியீடுகளோடு மல்லுக்கட்ட நேரமில்லாதவர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்தும் டார்ட் தளத்துக்குச் செல்லலாம். இதே தரவை அது வரைபடங்களாகத் தந்துவிடுகிறது. எனக்கு மூல ஏடுதான் விருப்பம். அதில் ‘அநாதை’ என்று ஒரு வகை உண்டு: ஆன்டெனாவில் எண் படிக்கப்பட்டிருக்கும், ஆனால் அந்தச் சில்லை எந்த மீனுக்கு யார் வைத்தார்கள் என்ற கோப்பு வந்து சேர்ந்திருக்காது. பிடேகிஸ் அந்த எண்ணை நீக்குவதில்லை. இடமும் நேரமும் குறித்து வைத்துக்கொள்கிறது, கோப்பு என்றைக்கு வந்தாலும் அந்த வரி உரிய மீனின் வரலாற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது.