பரிவேஷ் இணையதளம்: ஒரு மதிப்பீடு

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஆகஸ்டில் தொடங்கிய பரிவேஷ் இணையதளத்தில், சுரங்கம், அனல்மின் நிலையம், துறைமுகம் போன்ற திட்டங்களுக்கான அனுமதி விண்ணப்பங்களை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் போற்றத்தக்க சேவை என்பேன். திட்டத்தின் எண் கையில் இருந்தால் விண்ணப்பம், திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு நேரும் பாதிப்பைக் கணிக்கும் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகள், அனுமதிக் கடிதம் ஆகியவற்றைத் தேடி எடுக்கலாம். நான் முதலில் திறப்பது எல்லை வரைபடக் கோப்பைத்தான். செயற்கைக்கோள் படத்தின்மேல் அதை வைத்துப் பார்த்தால், அருகிலுள்ள ஏரியும் ஓடையும் மேய்ச்சல் நிலமும் அறிக்கையில் இடம்பெற்றுள்ளனவா என்பது தெரிந்துவிடும்.

பெருங்குறை மொழிதான்; அதன் வேர் இணையதளத்தில் அல்ல, விதியில் இருக்கிறது. இத்தகைய அனுமதிகளுக்கான நடைமுறையை வகுக்கும் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்; ஆனால் மாநில மொழியில் கட்டாயமாக்கப்பட்டிருப்பது பத்துப் பக்கங்களுக்கு மிகாத சுருக்கம் மட்டுமே. நிலத்தடி நீர், தூசி, இரைச்சல் பற்றிய அட்டவணைகள் நீண்ட ஆங்கில அறிக்கைக்குள் புதைந்து கிடக்க, கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் விவசாயி எதை வைத்துக் கேள்வி கேட்பார்? இந்த அறிவிக்கைக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட 2020 வரைவு அறிவிக்கையை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிட டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நியாயம் திட்ட அறிக்கைகளுக்கும் பொருந்தும்.

அனுமதிக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுவனங்கள் அளிக்க வேண்டிய, அனுமதி நிபந்தனைகளைப் பின்பற்றுவது பற்றிய இணக்க அறிக்கைகளையும் ஊர் மக்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். வரைபடங்களைப் பார்க்கக் கைப்பேசியைவிடக் கணினியே வசதியானது.