ஜேட் போன்சாயில் இலை உரிப்பு: பல பருவங்கள் செய்து பார்த்ததில் தெரிந்தவை

நர்சரியில் ஜேட் என்று கேட்டால் இரண்டு வெவ்வேறு செடிகளில் ஏதாவது ஒன்று கைக்கு வரும். ஒன்று கிராசுலா ஓவேட்டா. கட்டைவிரல் அகலமுள்ள தடித்த இலை, பருத்த தண்டு. மற்றது போர்ட்டுலக்காரியா ஆஃப்ரா. சுண்டுவிரல் நகத்தளவு இலை, செம்பழுப்பான தண்டு. இரண்டும் தென்னாப்பிரிக்கப் பகுதியிலிருந்து வந்தவைதான். ஆனால் குடும்பம் வேறு, இலை உரிப்பை, அதாவது இலைகளை வேண்டுமென்றே எடுத்துவிடுவதை, தாங்கும் விதமும் வேறு. இங்கே சொல்வது பெரும்பாலும் போர்ட்டுலக்காரியாவைப் பற்றி. சக்குலண்ட் (சதைப்பற்றுச் செடி) போன்சாய்களில் மொத்த இலையையும் எடுத்துவிட்டு, துளிர்த்துவிடும் என்று நம்பி இருக்கக்கூடிய செடி அதுதான்.

முதலில் பலனைச் சொல்லிவிடலாம். இலை சிறுத்துவிடும் என்று எதிர்பார்த்துத்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். சிறுக்கும், ஆனால் அது நிலைப்பது அடுத்து வரும் வெயிலையும் தண்ணீரையும் பொறுத்தது. உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அடர்ந்த தலைக்குள் வெளிச்சம் புகுந்து, உள்கிளைகளில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் விழிக்கின்றன. ஒன்றையொன்று உரசும் கிளைகள், நேர் மேலாகவோ நேர் கீழாகவோ போகும் குச்சிகள், ஒரே இடத்திலிருந்து கிளம்பிய நான்கைந்து கிளைகள் எல்லாம் இலை போன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். கத்தரிப்பையும், கிளையை வளைத்து நிறுத்தக் கம்பி சுற்றுவதையும் அந்த நாளிலேயே முடிக்கலாம். ஏற்கெனவே நீண்டுபோன கணு இடைவெளி மட்டும் இதனால் குறையாது. அதற்குக் கிளையைக் குட்டையாக வெட்டுவது ஒன்றே வழி.

செடி வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் மட்டுமே செய்ய வேண்டும். இரவு வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாத நாட்கள், நுனிகளில் புதுத் தளிர் வந்துகொண்டிருக்கும் நிலை, இந்த இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். குளிர்காலத்தில் உரித்த மரம் மாதக்கணக்கில் மொட்டையாகவே நிற்கும், அதற்குள் சட்டியின் ஈரம் வேரைத் தின்றுவிடும். சட்டி மாற்றி ஆறு வாரம் ஆகாதது, இலை சுருங்கிக் கிடப்பது, பூச்சி அடித்துச் சோர்ந்தது, இவற்றை அந்தப் பருவத்தில் உரிக்காமல் விட்டுவிடுங்கள். வெள்ளைக் கோடு போட்ட கலப்பு நிற வகைக்குப் பச்சையம் குறைவு என்பதால் மீள்வதும் மெதுவாகத்தான். அதில் பாதி இலைக்கு மேல் கை வைக்காமல் இருப்பது நல்லது.

உரிப்பதற்கு நான்கைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும். நீர் நிறைந்த கிளை, வளைத்தால் கேரட் மாதிரி ஒடிந்துவிடும். கொஞ்சம் வாடிய கிளையோ சொன்ன பக்கம் வளையும்.

இலையை எடுக்கும் விதத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. போர்ட்டுலக்காரியாவுக்குக் காம்பு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. இலை நேராகத் தண்டில் உட்கார்ந்திருக்கும், அது தண்டோடு சேரும் மடிப்பில் கடுகில் பாதி அளவுகூட இல்லாத ஒரு மொட்டு இருக்கும். நாளைக்குக் கிளையாவது அதுதான். இலையைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் தோல் ஒரு நாராகக் கிழிந்து மொட்டையும் கூட்டிக்கொண்டு வரும். ஒரு கையால் கிளையைத் தாங்கிக்கொண்டு, மறு கை விரலால் இலையைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். 'டிக்' என்று விடும், பிறைவடிவில் சின்னத் தழும்பு மட்டும் மிஞ்சும். பழகிய கைக்கு இது கத்தரியைவிட வேகம். மெல்லிய இளங்கிளைகளில் மட்டும் கூர்மையான சிறு கத்தரியால் இலையைப் பாதியில் வெட்டிவிட்டால் போதும், மிச்சம் சில நாளில் காய்ந்து தானாக விழும்.

நுனியில் இன்னும் விரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் தளிர் ஜோடியையும் கிள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால் மரத்தின் சக்தியெல்லாம் நுனிக்கே ஓடும். உள்ளே எதுவும் துளிர்க்காது, செய்த வேலைக்குப் பாதிப் பலன்கூட வராது. விதிவிலக்கு ஒன்று உண்டு. அடிப்பகுதியில் மெலிந்து நிற்கும் கிளைகளில் நுனித் தளிரையும் இரண்டு ஜோடி இலையையும் விட்டுவையுங்கள். மேல்பகுதி மொட்டையாக நிற்கும் இரண்டு மூன்று வாரத்தில் அவை முந்திக்கொண்டு பருக்கும். எல்லாக் கிளைக்கும் ஒரே மாதிரி செய்தால் வலுத்தது மேலும் வலுக்கும், மெலிந்தது காய்ந்துபோகும்.

கத்தரிப்பு பற்றி ஒரு விஷயம். இந்தச் செடியில் இலைகள் எதிரெதிர் ஜோடிகளாக இருக்கும், ஒவ்வொரு ஜோடியும் முந்தைய ஜோடிக்குக் குறுக்காகத் திரும்பியிருக்கும். ஒரு ஜோடி இடம்-வலம் என்றால் அடுத்தது மேல்-கீழ். இடம்-வலமாக இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து இரு பக்கமும் கிளை பிரிந்து தட்டையான அடுக்கு அமையும். மேல்-கீழ் கணுவில் வெட்டினால் ஒரு கிளை வானத்தைப் பார்க்கும், இன்னொன்று சட்டியைப் பார்க்கும், பின்னால் இரண்டையும் எடுக்க வேண்டிவரும். கணுவுக்கு ஒட்டி வெட்டாமல் 5 மில்லிமீட்டர் விடுங்கள். அந்தத் துண்டு காய்ந்து, கணு வரைக்கும் வந்து நின்று, பிறகு உதிர்ந்துவிடும். ஒட்ட வெட்டினால் அந்தக் காய்வு கணுவையே தாண்டி, அங்கிருக்கும் மொட்டையும் காயவைத்துவிடலாம். வெட்டுக்காயத்துக்குப் பசை பூச வேண்டாம். சதைப்பற்றுத் தண்டு தானாகவே காய்ந்து மூடிக்கொள்ளும், பசை போட்டால் ஈரம் உள்ளே அடைபட்டு அழுகும்.

இனி தண்ணீர். இலை உரித்ததால் மரம் செத்துப்போய்விட்டது என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் உரிப்பு குற்றவாளி அல்ல, அதற்குப் பிறகு வழக்கம்போல் ஊற்றிய தண்ணீர்தான். இலை இல்லாத செடிக்கு நீரை வெளியேற்ற வழி கிட்டத்தட்ட அடைந்துபோகிறது. நேற்று வரை மூன்று நாளில் காய்ந்த சட்டி இப்போது பத்து நாளானாலும் காயாது. கரடுமுரடான மண்கலவையில் இருக்கும் 15 செ.மீ. சட்டி என்றால் முதல் 7 முதல் 10 நாள் வரை தண்ணீரே தேவையில்லை. கணுக்களில் குண்டூசித் தலை அளவு பச்சைப் புள்ளிகள் தெரிந்ததும் ஒருமுறை நன்றாக ஊற்றி, கலவை அடிவரை காய்ந்த பிறகே அடுத்த முறை. நாள் கணக்கைவிடச் சட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பது நம்பகமானது. காய்ந்த சட்டியின் எடை ஓரிரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். உள்ளங்கையில் அடங்கும் சிறு சட்டிகளுக்கு மட்டும், வெயிலும் காற்றும் கடுமையாக இருந்தால், ஐந்தாம் நாள் கொஞ்சம் கொடுக்கலாம்.

இந்த நாட்களில் தண்டின் தோலில் நீளவாக்கில் மெல்லிய சுருக்கம் விழும். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம், தண்டு தன் சேமிப்பைச் செலவழிக்கிறது, அவ்வளவுதான். அழுத்தினால் அமுங்குகிறது, நிறம் கறுத்து நனைந்த மாதிரி இருக்கிறது என்றால் அது அழுகல். அதேபோல, கலவை ஈரமாக இருக்கும்போதே புது இலைகள் சுருங்கினால் தாகம் இல்லை, உறிஞ்ச வேர் இல்லை என்று அர்த்தம். அழுகல் தெரிந்ததும் உள்சதை வெளிர்பச்சையாகச் சுத்தமாகத் தெரியும் வரை வெட்டிக்கொண்டே போய், மிஞ்சியதை ஒரு வாரம் நிழலில் காயவைத்துப் வெட்டிய குச்சியைப்போல நடுவதுதான் மிச்சமிருக்கும் வழி.

வெயிலில் இரண்டு கட்டம். இதுவரை இலை நிழலில் இருந்த பட்டை திடீரென்று உச்சி வெயிலைப் பார்த்தால் வெந்து பழுப்புத் திட்டு விழும், ஆகவே கடும் கோடையில் முதல் ஒரு வாரம் நிழல்வலைக்குக் கீழே இருக்கட்டும். துளிர் வந்ததும் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். தினம் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில். பாவம், இளந்துளிர் என்று நிழலிலேயே வைத்திருந்தால் இலை பெரிதாகவும் கணு நீளமாகவும் வந்து, உரித்ததற்கு முன்னால் இருந்ததைவிட மோசமாகிவிடும். உரம் முதல் மூன்று வாரம் வேண்டாம். இலை விரிந்த பிறகு சமச்சீர் உரத்தைப் பாதி அளவில் கரைத்து மாதம் இருமுறை போதும், தழைச்சத்து தூக்கலாக உள்ளதைத் தவிர்க்கவும்.

கம்பி சுற்றினால் அலுமினியம், கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. சதைத்தண்டு சீக்கிரம் பருத்துக் கம்பியை உள்ளே வாங்கிக்கொள்ளும். மூன்றாம் வாரத்திலிருந்து வாராவாரம் பாருங்கள். கழற்றும்போது சுருளைப் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

மாவுப்பூச்சி கணு மடிப்புகளில்தான் ஒளிந்திருக்கும், மொட்டை மரத்தில் அதற்கு ஒளிய இடம் இல்லை. மென்மையான பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தண்டைத் தேய்த்துவிட இதைவிட நல்ல நாள் கிடைக்காது. தேய்க்கும்போது கலவை மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, சட்டியைச் சாய்த்துப் பிடியுங்கள், சோப்புநீர் வேருக்குப் போகக்கூடாது.

உரிப்பையும் சட்டி மாற்றலையும் ஒரே நாளில் செய்பவர்களும் உண்டு, வேர் வலுவான மரம் தாங்கும். இருந்தாலும் இரண்டுக்கும் ஆறு வாரம் இடைவெளி விடுவதே மேல். ஏதாவது தவறினால் காரணம் எது என்று அப்போதுதான் தெரியும். முழு உரிப்பு வருடத்துக்கு ஒருமுறை போதும். நல்ல வெயிலில் கொழுத்து வளரும் மரத்துக்கு நான்கு மாத இடைவெளியில் இரண்டாவது முறை செய்யலாம், அதற்கு மேல் செய்தால் துளிர் சன்னமாகி உள்கிளைகள் உதிரத் தொடங்கும்.

கிராசுலாவில் முழுக்க உரிப்பதால் பெரிய லாபம் இல்லை. நுனி ஜோடியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பெரிய, பழைய இலைகளை மட்டும் எடுத்தால் வேண்டிய அளவு கிளைக்கும். எண்ணெய் கலந்த பூச்சிமருந்து இதன் இலையைக் கெடுத்துவிடும், சோப்பு என்றாலும் ஒரு இலையில் சோதித்துவிட்டுத் தெளிக்கவும். அடீனியத்தில் (பாலைவன ரோஜா) இலையை எடுத்தால் மட்டும் புதுக் கிளை அரிதாகத்தான் வரும், கிளையையும் வெட்ட வேண்டும். அதன் பால் நச்சு என்பதால் கையுறை அவசியம். இலைக்காம்பில் பாதி விட்டுக் கத்தரித்தால் மீதி தானாக விழும்.

வெட்டிய போர்ட்டுலக்காரியா கிளைகளில் 8 முதல் 10 செ.மீ. உள்ளவற்றை நான்கு நாள் நிழலில் காயவைத்து நட்டால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். உதிர்த்த இலைகளும் வேர்விடும், ஆனால் அதிலிருந்து தண்டு கிளம்ப நெடுநாள் ஆகும், போன்சாய்க்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.