கால்வே கலை விழாக்கள்: ஜூலையா, செப்டம்பரா?

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் கால்வே கவுண்டியில் விழா இல்லாத மாதத்தைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். ஏப்ரலில் இலக்கியம், ஜூலையில் சினிமாவும் கலையும், செப்டம்பரில் சிப்பி, அக்டோபரில் குழந்தைகளுக்கென்றே ஒரு விழா. லீவு கணக்குப் பார்த்தால் ஒரு தடவைதான் போக முடியும் என்கிறவர்களுக்கு நிஜமான போட்டி இரண்டுக்கு நடுவில்தான். ஒன்று, ஜூலையில் கால்வே நகரத்தில் நடக்கும் சர்வதேசக் கலை விழா. இன்னொன்று, செப்டம்பரில் கிளிஃப்டன் என்ற சின்ன ஊரில் நடக்கும் கலை விழா. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயது: கிளிஃப்டன் 1977இல் தொடங்கியது, கால்வே அடுத்த வருடம். வளர்ந்த விதம்தான் வேறு வேறு.

கால்வே விழா இரண்டு வாரம் நடக்கும். நாடகம், நடனம், சர்க்கஸ், கண்காட்சி, உரையாடல், இசைக் கச்சேரி என்று எல்லாம் உண்டு. கோரிப் ஆற்றங்கரையில் ஒரு பெரிய கூடாரம் போட்டுவிடுவார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நின்றுகொண்டே கேட்கும் ராக், பாப் கச்சேரிகள் அதற்குள்தான். இந்த விழாவின் பலம் நாடகம் என்பது என் கட்சி. காரி ஹைன்ஸ் நண்பர்களோடு 1975இல் தொடங்கிய ட்ரூயிட் நாடகக் குழுவுக்குச் சொந்த ஊர் இது. நாடக ஆசிரியர் எண்டா வால்ஷ் பல வருடங்களாக இந்த விழாவுக்கென்று தனித்தனி அறைகளை அமைத்து வருகிறார். ஒரு படுக்கையறையோ சமையலறையோ அப்படியே அச்சு அசலாக இருக்கும். நாலைந்து பேராக உள்ளே போனால் நடிகர் யாரும் இருக்க மாட்டார், குரல் மட்டும் பேசும். மேசை இழுப்பறையை நாமே திறந்து பார்க்கலாம். பதினைந்து நிமிடச் சங்கதிதான். ஆனால் கூடாரத்துக் கச்சேரிகளை விட இதுதான் நாள் கணக்கில் மனதில் நிற்கும்.

இன்னொரு சௌகரியம், காசில்லாமலும் ஒரு நாளை ஓட்டிவிடலாம். ஓவிய, சிற்பக் கண்காட்சிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஷாப் ஸ்ட்ரீட்டில் தொடங்கி ஸ்பானிஷ் ஆர்ச் வரை நடந்தாலே பாட்டு, வித்தை என்று வழி நெடுக ஏதாவது இருக்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1986இல் உருவான மக்னாஸ் குழுவின் ராட்சத பொம்மை ஊர்வலத்தைப் பழைய புகைப்படங்களில் பார்த்துவிட்டு ஜூலையில் போய்த் தேடாதீர்கள். அது அக்டோபர் கடைசிக்கு, ஹாலோவீன் பக்கம் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

இனி கிளிஃப்டன். கால்வேயிலிருந்து மேற்கே சுமார் 80 கிலோமீட்டர், கானமாராவின் ஏரிகளுக்கும் மலைகளுக்கும் நடுவே போகும் சாலை. ரயில் கிடையாது, இருந்த பாதையை 1935இலேயே மூடிவிட்டார்கள். பஸ்ஸிலோ காரிலோ ஒன்றரை மணி நேரமாவது ஆகும். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்கே உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் பிரெண்டன் ஃப்ளின், பிள்ளைகளுக்குக் கவிஞர்களையும் இசைக் கலைஞர்களையும் நேரில் காட்ட வேண்டும் என்று தொடங்கியதுதான் இந்த விழா. அந்த வேர் இன்னும் காயவில்லை. இப்போதும் எழுத்தாளர்களும் பாடகர்களும் பகலில் வகுப்பறைகளுக்குப் போகிறார்கள், மாலையில் மேடை ஏறுகிறார்கள். நோபல் பரிசு பெற்ற ஐரிஷ் கவிஞர் ஷேமஸ் ஹீனி வந்து கவிதை வாசித்த விழா இது.

தனிக் கலையரங்க வளாகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. தேவாலயம், ஹோட்டல் கூடம், பப் என்று கிடைத்த இடமெல்லாம் மேடை. தேவாலயத்துப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு கேள்வி கேட்கும், அது வேறு விஷயம். ஆனால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஃபிடில் கேட்கும்போது வில் நரம்பில் உரசும் ஓசைகூடக் காதில் விழும். நேற்று ராத்திரி வாசித்தவர் இன்று காலை காபிக் கடையில் பக்கத்து மேசையில் இருப்பார். பேசலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கால்வேயில் இது நடக்காது என்றில்லை. அந்தக் கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

தங்கும் செலவில் கிளிஃப்டன் சுலபமாக ஜெயிக்கும் என்றுதான் தோன்றும். அப்படியில்லை. அங்கே அறைகளே குறைவு, விழாவின் வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். கால்வேயில் விலை அதிகம், ஆனால் வழியும் உண்டு: கோடையில் பல்கலைக்கழக மாணவர் குடியிருப்புகளை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மழை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். குடையை நம்பாதீர்கள், அட்லாண்டிக் காற்று அதைத் திருப்பிவிடும். நல்ல ரெயின் ஜாக்கெட் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏப்ரலில் நடக்கும் கூர்ட் இலக்கிய விழா 1985இல் கவிதைக்காக ஆரம்பித்தது. வாசிப்பவர்களுக்கு அருமை, கூட வருபவர் வாசிக்காதவர் என்றால் அவருக்குச் சிரமம். 1989இல் தொடங்கிய ஃபிலிம் ஃப்ளா ஆறு நாள் சினிமா விழா. பின்னால் பாட்டுக்காக ஆஸ்கர் வாங்கிய 'ஒன்ஸ்' படத்தை 2006இல் முதலில் திரையிட்டது இங்கேதான். 1954 முதல் நடக்கும் சிப்பி விழாவைக் கலைக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை; சாப்பாட்டு ஆசைக்குப் போகலாம்.

சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் முதல் முறை அயர்லாந்து பார்ப்பவர்களுக்கும் ஜூலைதான் சரி. கையில் கார் இருந்து, கவிதையிலோ நாட்டுப்புற இசையிலோ ருசி இருந்தால் யோசிக்காமல் கிளிஃப்டன். என் ஓட்டும் அதற்கே. ஜூலைக்குப் போகிறவர்கள் தேதியை மட்டும் கவனியுங்கள். ஃபிலிம் ஃப்ளா முடிந்த கையோடு கலை விழா தொடங்குவது வழக்கம் என்பதால், நடுவில் வரும் வார இறுதியை ஒட்டிப் போனால் இரண்டையும் தொட்டுவிடலாம். கலை விழாவின் கடைசி வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது. அது முடிந்ததும் பாலிபிரிட் மைதானத்தில் ஒரு வாரக் குதிரைப் பந்தயம் தொடங்கும், அதற்கு வரும் கூட்டம் முன்னதாகவே அறைகளைப் பிடித்துக்கொள்ளும்.