மூன்றாவது சுற்றில் இறங்கும் பெடல்: பழைய ஹோண்டா சிட்டி விடெக்குடன் ஏழு வருடம்

போன ஞாயிறு சாயங்காலம் முன் வலது சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பிரேக் காலிப்பருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கை முழுக்க பிரேக் ஆயில். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் தம்பி ஒருவன் கூப்பிட்டான். "அண்ணா, பொள்ளாச்சியில ஒரு ஓ.எச்.சி. விடெக் வந்திருக்குதுங்க. 2001 மாடல், ரெண்டு ஓனர், ஒன்றே முக்கால் லட்சம் சொல்றாங்க. ரேஸ் டிராக்குல ஓட்ட வாங்கலாமுங்களா?" நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு வாரம் ஓடிவிட்டது. போனில் அரைகுறையாகச் சொல்வதை விட எழுதிவிடுவது நல்லது. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பதும் அதே வண்டிதான், ஓ.எச்.சி. விடெக் என்று எல்லோரும் சொல்லும் பழைய ஹோண்டா சிட்டி. விடெக் என்பது எஞ்சின் வேகம் ஏறியதும் வால்வு திறக்கும் விதத்தை மாற்றும் ஏற்பாடு. 2002-ல் பதிவானது, 2018-ல் வாங்கினேன். நான்கு கதவு, பெரிய டிக்கி, பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் போகிற வண்டி. ஆனால் 1.5 லிட்டரில் 106 குதிரைசக்தி, அதுவும் 6800 ஆர்.பி.எம்.மில். 2003 கடைசியில் வந்த அடுத்த சிட்டியில் அது 77 ஆகிவிட்டது. அதனால்தான் இந்தப் பழைய மாடலை இன்னும் சிலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற விவரம் எல்லாம் உனக்கே தெரியும், தம்பி.

எஞ்சினைப் பற்றிச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல அதிகம் இல்லை. ஏழு வருடத்தில் அது என்னை ஒரு தடவைகூடக் கைவிட்டதில்லை. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப் போடாதே. டிராக்கில் ஒவ்வொரு செஷன் ஓட்டி முடிந்ததும் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார், ஆர்.பி.எம். மீட்டரின் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஓட்டினால் கொஞ்சம் ஆயில் குடிக்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று ஓனரால் சொல்ல முடியவில்லையா, மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள். வால்வு கிளியரன்ஸை வருடத்துக்கு ஒருமுறை நானே பார்த்துவிடுகிறேன். அவ்வளவுதான். ஐயாயிரத்தைத் தாண்டியதும் குரல் மாறி மேலே ஏறுகிற அந்தச் சத்தத்துக்காகவே செட்டிபாளையம் டிராக் வரைக்கும் விடியற்காலையில் எழுந்து போகலாம்.

சரி, இப்போது பிரேக்.

2018-ல் முதல் தடவையாக செட்டிபாளையத்து டிராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இறக்கினேன். முதல் சுற்று பயத்தில் போனது. இரண்டாவது சுற்று நன்றாக இருந்தது. மூன்றாவது சுற்றில் ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக் மிதித்தால் பெடல் பாதி தூரம் போன பிறகுதான் ஏதோ பிடித்தது. அடுத்த வளைவில் இன்னும் கீழே. அதற்கடுத்ததில் கால் தரையைத் தொட்டது. இரண்டு முறை படபடவென்று மிதித்து, கியரைக் குறைத்து, எப்படியோ உள்ளே கொண்டுவந்து நிறுத்தினேன். ஓரத்தில் நின்ற ஒரு பெரியவர், அந்த டிராக்குக்குப் பெயர் தந்த பந்தய வீரர் கரிவர்தன் காலத்து ஃபார்முலா மாருதி கார்ப் பந்தயங்களில் வேலை பார்த்தவர், சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து மோந்து பார்த்துவிட்டு "ஆயில் கொதிச்சிருச்சுப்பா" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் காலிப்பரில் இருக்கிற நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையைக் கண்ணாடி பாட்டிலில் விட்டு ஏர் எடுத்தோம். வந்தது வரக்காப்பி நிறத்தில் இருந்தது. நடுநடுவே கடுகு அளவில் குமிழி, வரிசையாக, நிற்காமல். புது ஆயில் எண்ணெய் போல வெளிர் மஞ்சளாக இருக்கும். அந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் பழைய பிரேக் ஆயிலோடு டிராக்கில் இறங்க மாட்டார்கள்.

காரணம் எளிமையானது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே விதி 155 டிகிரியோடு திருப்திப்படுகிறது. டாட் 3 என்றால் 205, 140. ஊருக்குள் ஓட்டும்போது 155 தாராளம். டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் ஆறேழு இடத்தில் முழு வேகத்திலிருந்து அழுத்தினால் காலிப்பருக்குள் இருக்கிற சொட்டு ஆயில் அதைத் தாண்டிவிடும். வேகம் இரட்டிப்பானால் டிஸ்க்கில் இறங்கும் சூடு நான்கு மடங்கு. ஆயில் ஆவியானதும் நீ மிதிக்கிற அழுத்தம் முழுக்க அந்த ஆவியைச் சுருக்கவே போய்விடும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இது வண்டி செய்தவர்களின் குற்றம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடும்பத்தோடு ஊட்டி போய் வரச் செய்த பிரேக் அது. அந்த வேலையை இன்றைக்கும் குறையில்லாமல் செய்கிறது. பந்தயப் பாதையில் இறக்கியது நான்.

அதன்பிறகு ரேஸ் ஆயிலுக்கு மாறினேன். மோட்டுல் ஆர்.பி.எஃப் 600, கொதிநிலை 312 டிகிரி. அரை லிட்டர் பாட்டில். திறந்தால் அன்றைக்கே பயன்படுத்து, மிச்சத்தைக் கொட்டிவிடு. இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை வேலை நெருக்கடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அலமாரியில் மூடி தளர்ந்து கிடந்த பழைய பாட்டிலிலிருந்து ஊற்றியிருக்கிறார்கள். அடுத்த டிராக் நாள் நாலாவது சுற்றோடு முடிந்தது. அன்றிலிருந்து பிரேக் வேலையை வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை.

ஆயில் சரியானதும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்தது வந்தது. இந்தத் தடவை பெடல் கல் மாதிரி இருந்தது, வண்டிதான் நிற்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள், உயிர் காக்கும். பெடல் தொய்ந்து கீழே போனால் ஆயில். பெடல் இறுக்கமாக இருந்தும் வேகம் குறையவில்லை என்றால் பேடு. சாதாரண பேடு ஒரு அளவுக்கு மேல் சூடேறினால் பிடிப்பை இழந்துவிடும். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: பின்னால் இருப்பது டிரம், உள்ளேயிருந்து லைனர் அழுத்தி நிறுத்தும் வகை பிரேக். டிரம் சூடேறினால் விரிந்து லைனரை விட்டு விலகும். பெடல் கொஞ்சம் நீளும், ஆறினால் பழையபடி வந்துவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் செஷன் முடிந்து வந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்கவே இழுக்காதே. கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வை.

எனக்கு ஏழு வருடமாக ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது என்றால் அது பேடு விஷயத்தில்தான். சூடு தாங்குகிற பேடு இந்த வண்டிக்குக் கடையில் போய் நின்று கேட்டால் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் தேடி, அளவு சரிபார்த்து, முன்பணம் கட்டி, மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் ஒரு கடைக்காரரை நம்பினேன். நல்ல பெயருள்ள பெட்டி, அச்சு, ஹாலோகிராம் எல்லாம் இருந்தது. இரண்டாவது செஷனில் உள்பக்கப் பேடு இரும்புத் தகட்டிலிருந்து அப்படியே பெயர்ந்துவிட்டது. தகடு டிஸ்க்கை உரசிப் பள்ளம் பறித்தது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினால், "டிராக்குல ஓட்டுனா அப்படித்தாங்க ஆகும்" என்றார். போலிச் சரக்கை விற்றுவிட்டுப் பேசுகிற பேச்சா அது? அந்தப் பேடு செட்டிபாளையத்தில் கழன்றதற்குப் பதிலாகக் கல்லாறு கொண்டை ஊசி வளைவில், வண்டி நிறையப் பிள்ளைகளோடு வருகிற ஒருவருக்குக் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

போன வாரம் நடந்தது சின்ன விஷயம்தான், ஆனால் நேரம் பிடித்தது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் டஸ்ட் பூட், மழை, தூசி உள்ளே போகாமல் தடுக்கிற ரப்பர் வளையம், கருகிச் சுருங்கி, தொட்டால் வத்தல் மாதிரி உடைந்தது. அதன் வழியாகத் தூசி உள்ளே போய்ப் பிஸ்டன் ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டது. உள்பக்கப் பேடு 3 மி.மீ., வெளிப்பக்கம் 7 மி.மீ. இப்படி ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். பிஸ்டனை வெளியே எடுத்து, நைஸான எமரித்தாளில் பிரேக் ஆயில் தொட்டுத் துடைத்து, சீலும் பூட்டும் புதிதாகப் போட்டேன். ஸ்லைடு பின்னுக்குச் சாதாரண கிரீஸ் வைக்காதே, ரப்பர் ஊதிவிடும். சூடு தாங்கும் சிலிக்கான் கிரீஸ் வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும். கனம் அளக்கும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், அந்த அளவுக்குக் கொஞ்சம்தான் மிச்சம். புது டிஸ்க் சொல்லியிருக்கிறேன். கோயம்புத்தூரில் இருப்பதில் இது ஒரு வசதி: மைக்ரோமீட்டர் கேட்டால் பக்கத்து வீட்டிலேயே இருக்கும்.

எதிர்பாராத சந்தோஷமும் ஒன்று உண்டு. இரண்டு வருடம் முன்பு ஏப்ரல் மாதம், மதியம் செஷன் முடித்து நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. டேஷ்போர்டு தொட்டால் சுடுகிறது. பெட்ரோல் பம்பின் சத்தமே கேட்கவில்லை. அந்தக் காலத்து வண்டிகளில் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு மெயின் ரிலே இருக்கும், பம்புக்குக் கரண்ட் கொடுப்பது அதுதான். கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். ஈயப் பற்றின் ஒரு புள்ளியைச் சுற்றி மயிரிழை வட்டமாக ஒரு விரிசல், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. இருபது வருட வெயிலில் விரிந்து சுருங்கி வந்த விரிசல். சூட்டில் திறந்துகொள்ளும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். கேன்டீன் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருந்தது, பக்கத்து வண்டிக்காரரிடம் சால்டரிங் அயர்ன் இருந்தது. பத்து நிமிடம். அன்றைக்கு முழுக்க ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கு வரைக்கும் அது தொந்தரவு கொடுக்கவில்லை. ஒரு வண்டி தன் நோயைக் கண்ணால் பார்க்கவும் கையால் சரிசெய்யவும் இடம் கொடுப்பது இந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம்!

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டைக்கு இரண்டு தடவை ஓட்டிக்கொண்டே போயிருக்கிறேன். 1990-லிருந்து இருக்கும் டிராக், 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. இங்கிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல் போய், நாள் முழுக்க டிராக்கில் ஓட்டி, அதே சக்கரத்தில் வீடு திரும்ப வேண்டும் என்னும்போது பிரேக்கைப் பற்றிய கணக்கே மாறிவிடும். பேடு பாதிக்குக் கீழே இருந்தால் கிளம்பவே மாட்டேன். கடைசிச் சுற்று முழுவதும் பிரேக் தொடாமல் மெதுவாகச் சுற்றி ஆறவிடுவேன். சூட்டோடு வந்து மிதித்தபடி நின்றால் பேடின் தடம் டிஸ்க்கில் ஒட்டும், வேலூர் வரைக்கும் ஸ்டியரிங் நடுங்கும். டயரில் காற்று காலையில் 29 பி.எஸ்.ஐ. வைத்தால் செஷன் முடிவில் 35, 36 காட்டும், இறக்கிக்கொள்வேன். வீல் நட் 108 நியூட்டன் மீட்டர், இறுக்கம் அளக்கும் டார்க் ரெஞ்ச் கையோடு இருக்கும்.

அப்புறம் பணம். பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்கு நம் வண்டி இன்ஷூரன்ஸ் செல்லாது, பாலிசியிலேயே எழுதியிருக்கும். சுவரில் இடித்தால் உன் காசு. ஆர்.சி.யையும் பார். 15 வருடம் முடிந்த தனியார் கார் ஐந்தைந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2001 வண்டி என்றால் 2016-லும் 2021-லும் புதுப்பித்திருக்கிறார்களா, அடுத்த 2026-க்கு வண்டி தாங்குமா என்று கேள். வண்டி உருண்டால் காக்கிற இரும்புக் கூண்டு, அதாவது ரோல் கேஜ், எதுவும் நான் வைக்கவில்லை. ரோட்டில் ஓடும் வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தராது. நல்ல ஹெல்மெட், முழுக்கை பருத்திச் சட்டை, வண்டியைக் கட்டி இழுக்க டோ ஹூக், உள்ளே எந்தப் பொருளும் உருளாமல் காலி. அது போதும்.

இவ்வளவு சொன்ன பிறகு வாங்கச் சொல்வேன் என்றுதான் எதிர்பார்ப்பாய். இல்லை தம்பி, வாங்காதே. எஞ்சின் தங்கம், உதிரிப் பாகங்கள் இன்னும் எப்படியாவது கிடைத்துவிடுகின்றன, வண்டியோடு சேர்ந்து நீயும் வேலை கற்றுக்கொள்வாய், எல்லாம் உண்மை. ஆனால் உனக்கு வேண்டியது மாதம் ஒரு ஞாயிறு போய் ஓட்டிவிட்டு வருவது. இந்த வண்டி அதற்கு முந்தைய ஞாயிறையும் கேட்கும், அடுத்த ஞாயிறையும் கேட்கும். வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கிறது உனக்கு. ஒரு மாதம் கழித்து, புது டிஸ்க்கோடு பத்து சுற்று ஓட்டிவிட்டு வந்த அன்று கேட்டிருந்தால் நானே கூட்டிக்கொண்டுபோய் வாங்கிக் கொடுத்திருப்பேன். நீ கேட்டது இந்த வாரம், விரலிடுக்கில் பிரேக் ஆயில் வாசனை இன்னும் போகாத வாரம்.

அப்படியும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் தனியாகப் போகாதே, நானும் வருகிறேன். காலையிலேயே போய்விடலாம், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். முன்சக்கரம் இரண்டையும் கழற்றிப் பார்க்க விடுவாரா என்று ஓனரிடம் முன்பே கேட்டு வை. ஜாக்கியும் டார்ச்சும் நான் எடுத்து வருகிறேன்.