வாயில் நீலக் கட்டி என்றால் அவசரப்பட்டு வெட்டக் கொடுத்துவிடாதீர்கள்

தங்கச்சிக்குக் கீழுதட்டின் உள்பக்கம் சின்ன வயசிலிருந்தே சுண்டைக்காய் அளவில் நீலமாக ஒரு வீக்கம் உண்டு. வலி இல்லை, அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. குழந்தை உண்டானபோது அது கொஞ்சம் பெருத்தது. பிரசவம் முடிந்ததும் பக்கத்துத் தெரு பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எச்சில் சுரப்பி அடைச்ச நீர்க்கட்டிம்மா, பத்து நிமிஷ வேலை" என்றார். ஸ்கேன் இல்லை, விரலால் ஒரு தடவை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, முன்பணம் மட்டும் 6,000 வாங்கிக்கொண்டார்கள்.

கத்தி பட்டதும் கருஞ்சிவப்பாக ரத்தம் வந்தது. பீய்ச்சி அடிக்கவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. நர்ஸ் பஞ்சு மாற்றி மாற்றி அந்தத் தட்டே நிரம்பிவிட்டது, ஒன்றரை மணி நேரம் கழித்து ஏழு தையல் போட்டு அனுப்பினார்கள். பில்லில் 'சிக்கலான அறுவை' என்று கூடுதலாக 4,000 வேறு. சிக்கலை உண்டாக்கியதற்கும் கூலி!

அப்புறம்தான் அரசு பல் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஒரு மாணவி செய்தது இவ்வளவுதான்: விரலால் அழுத்தினார், வீக்கம் அமுங்கி மெல்லத் திரும்ப நிரம்பியது; கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினார், நீலம் வெளிறியது; தலையை முழங்காலுக்குக் கீழே குனியச் சொன்னார், திராட்சை மாதிரி உப்பிவிட்டது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் எம்ஆர்ஐயும் எடுத்து உறுதி செய்தார்கள். வீனஸ் மால்ஃபார்மேஷன், அதாவது கருவிலேயே கோணலாக உருவான சிரைகள். தொட்டால் நாடி போலத் துடித்தால் அது தமனி சம்பந்தப்பட்ட வகையாக இருக்கலாம், தாடை எலும்புக்குள் அது இருப்பது தெரியாமல் பல்லைப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்தாம்.

கிளினிக் சீட்டில் வெட்டிய பிறகு 'ஹிமாஞ்சியோமா' என்று எழுதியிருந்தார்கள். அது ரத்தக்குழாய்க் கட்டி; குழந்தை பிறந்த சில வாரங்களில் வேகமாக வளர்ந்து, பிறகு தானாகச் சுருங்குவது, ப்ராப்ரனலால் என்ற மருந்துக்குக் கேட்பது. தங்கச்சிக்கு இருக்கும் இந்தச் சிரைக் கோளாறு சுருங்காது, அந்த மருந்துக்கும் கேட்காது. முல்லிகன், க்ளோவாக்கி என்ற ஆய்வாளர்கள் 1982லேயே இரண்டையும் பிரித்துவிட்டார்கள், சேதி இன்னும் எங்கள் தெருவுக்கு வரவில்லை போல.

சிரைகளைச் சுருங்கவைக்கும் பாலிடோக்கனால் மருந்தை நுரையாக்கி ஊசியில் ஏற்றினார்கள், ஆறு வார இடைவெளியில் இரண்டு தடவை. முதல் மூன்று நாள் உதடு மெதுவடை மாதிரி வீங்கிப் பயமுறுத்தியது, பிறகு அடங்கி இப்போது தடவினால்தான் தெரிகிறது.

கிளினிக்கில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "திரும்ப வந்தா ஃப்ரீயா வெட்டித் தர்றோம் சார்" என்றார்கள்.