ஈய நச்சுக்குச் சக்சிமர்: 19 நாள் சிகிச்சையும் அதற்குப் பின்னும்

மூன்று வயது மகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 52 மைக்ரோகிராம் ஈயம் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்ததும், மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து சக்சிமர். இந்த அளவு 45-ஐத் தாண்டிய குழந்தைகளுக்கென்று அமெரிக்காவில் 1991-இல் அனுமதி பெற்ற கேப்சூல் இது. முந்தைய மருந்தான டைமெர்காப்ரால், நிலக்கடலை எண்ணெயில் கரைத்துத் தசைக்குள் ஆழமாகப் போடப்படும், வலி மிகுந்த ஊசி. வாய்வழியே கொடுக்கக்கூடிய மருந்து கிடைத்தது எங்களுக்குப் பெரும் ஆறுதல்.

முதல் ஐந்து நாள் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 14 நாள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என மொத்தம் 43 கேப்சூல்கள். விழுங்கத் தெரியாத குழந்தை என்பதால், உறையைப் பிரித்து உள்ளிருக்கும் வெள்ளைத் துகள்களை மசித்த பழத்தில் தூவிக் கொடுத்தோம். திறந்தவுடன் அழுகிய முட்டை நாற்றம் அறை முழுவதும் பரவும். மூன்றாம் நாளிலிருந்து கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நாற்றத்துக்குக் காரணமான கந்தகம்தான் ஈயத்தைப் பற்றிப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றுகிறது என்று தெரிந்த பிறகு, எங்களுக்காவது அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. வெள்ளை அணுக்களும் கல்லீரல் நொதிகளும் பாதிக்கப்படக்கூடும் என்பதால் வாரந்தோறும் இரத்தம் எடுத்தார்கள். நல்லவேளையாக இரண்டும் சீராகவே இருந்தன.

மருந்து முடிந்த அன்று அளவு 18. மூன்று வாரத்தில் அது மீண்டும் 29-க்கு ஏறியபோது நாங்கள் நிலைகுலைந்துபோனோம். எலும்பில் படிந்திருக்கும் ஈயம் மெல்ல இரத்தத்துக்குத் திரும்பும் என்பதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும். அந்த மருத்துவமனைமீது எனக்குள்ள ஒரே மனக்குறை இதுதான். இரண்டாவது சுற்று வேண்டுமென்று நானே கேட்டேன். மருத்துவர் மறுத்ததற்கு ஆதாரம் இருந்தது: 20 முதல் 44 வரை அளவிருந்த 780 குழந்தைகளிடம் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில், சக்சிமர் ஈயத்தைக் குறைத்தாலும் அறிவுத்திறன் தேர்வுகளில் எந்த முன்னேற்றத்தையும் தரவில்லை.

இடையில், 'நச்சு நீக்கம்' செய்வதாகச் சொல்லும் ஒரு நிலையத்தையும் விசாரித்தோம். உலோகத்தை வெளியேற்றும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, அதன்பின் சிறுநீரைச் சோதிப்பது அவர்கள் வழக்கம். அப்படிச் செய்தால் நலமாக இருப்பவருக்கும் அளவு உயர்ந்தே தெரியும். அந்தச் சோதனையை நம்பி யாரும் சிகிச்சைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

முதல் கேப்சூலுக்கு முன்பே வீடு மாறியிருந்தோம். பழைய வீட்டு ஜன்னல் சட்டத்தில் உரிந்துகொண்டிருந்த பெயின்ட்தான் ஈயம் வந்த வழி. புது வீட்டில் தினமும் ஈரத்துணியால் துடைப்பதும், குறைந்திருந்த இரும்புச்சத்துக்கு மருந்து கொடுப்பதும் தொடர்கின்றன. எட்டு மாதம் கழித்து, சென்ற வாரம் எடுத்த பரிசோதனையில் அளவு 14.